நூலகத்தை இணையத்துக்குக் கொண்டுபோக நிதி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பொது நூலகத்தின் இணையச் சேவையை மேம்படுத்த நிதியுதவி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் பல, உண்மையில் ஒரு கொள்முதல் பட்டியலாகவே இருக்கின்றன. கணினி ஐந்து, ஸ்கேனர் ஒன்று, யு.பி.எஸ். ஒன்று, இணையதளம் அமைக்க ஒரு தொகை என்று எழுதி, மூன்று கடைகளின் விலைப்புள்ளிகளை இணைத்துவிட்டால் வேலை முடிந்ததாகிவிடுகிறது. வாசகர் கேட்பதோ வேறு. தான் தேடும் புத்தகம் அங்கே இருக்கிறதா, இருந்தால் இன்று அலமாரியில் இருக்கிறதா, யாரேனும் எடுத்துப் போயிருந்தால் எப்போது திரும்பும் என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள அவர் விரும்புகிறார். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வது நூற்பட்டியல். அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்ற ஆகும் கூலிக்குத்தான் விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

இருபதாயிரம் நூல்கள் உள்ள ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு அறுபது நூல்களைப் பதிவு செய்வார் என்று வைத்தாலும் 333 வேலை நாட்கள் வேண்டும். விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால் அது ஓர் ஆண்டைத் தாண்டிவிடும். நூல் வழங்குவது, நாளிதழ்களை அடுக்குவது, சந்தா வாங்குவது, மாலையில் கதவைப் பூட்டுவது என எல்லாவற்றையும் தனியாளாகச் செய்யும் நூலகர் இதையும் 'ஓய்வு நேரத்தில்' முடித்துவிடுவார் என்று திட்டத்தில் எழுதுவது, அவருக்கும் வாசகருக்கும் செய்யும் அநியாயம். பதிவு செய்பவரின் கூலியைத் தனித் தலைப்பில் கேளுங்கள். திட்டத்தின் விதிகள் ஆள்செலவை அனுமதிக்காவிட்டால், அந்தத் தொகையை யார் தருவார் என்பதை எழுத்தில் வாங்கி இணையுங்கள்.

ஆள் கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. பல நூலகங்களில் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தட்டச்சு செய்த பட்டியல் ஒன்று ஏதோ ஒரு கணினியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதையே இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைத்துத் திறந்தால், 'அம்மா' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததன் விளைவு அது. எந்தக் கணினியிலும் அதே எழுத்தாகத் திறக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே பழைய பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றுவதும், மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பதும் திட்டத்தின் முதல் மாத வேலையாக இருக்க வேண்டும்.

ஒருங்குறியிலேயே அடித்தாலும் தேடல் பொய்க்கக்கூடும். ஔவையாரின் முதல் எழுத்தை 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிப்பவர் உண்டு. 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து அடிப்பவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'அவ்வையார்' என்று எழுதுவோர் மூன்றாவது அணி. உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர் உ.வே. என்று ஒரே மனிதர் மூன்று பேராகப் பிரிந்து கிடக்கும் பட்டியலில், வாசகர் ஒரு பெயரைத் தட்டினால் மூன்றில் ஒரு பங்கு நூல்களே வரும்; மற்றவை அலமாரியில் இருந்தும் இல்லாதவைதான். பெயர்களை எந்த வடிவில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து, அந்த இரண்டு பக்கக் குறிப்பை விண்ணப்பத்தோடு இணைத்தால், வேலை தெரிந்தவர்கள் கேட்கிறார்கள் என்று மதிப்பிடுபவருக்குப் புரியும்.

மென்பொருள் விஷயத்தில் நானே சூடுபட்டவன். நான் வாசகர் வட்டத்தில் இருந்த ஒரு நூலகத்துக்கு, உள்ளூர் நிறுவனம் ஒன்று சொந்தமாக நிரல் எழுதித் தந்தது. மூன்றாம் ஆண்டில் பராமரிப்புக் கட்டணம் இரட்டிப்பானபோது, எங்கள் தரவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டோம். அவர்கள் தந்தது அச்சிடத் தோதான ஒரு பி.டி.எஃப். கோப்பு. அதிலிருந்து எதையும் வேறு மென்பொருளுக்கு மாற்ற முடியவில்லை. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த 'கோஹா', கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பயன்படுகிறது. தேசிய தகவலியல் மையத்தின் 'இ-கிரந்தாலயா'வும் நம்மிடம் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும், நூலக மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான மார்க் 21-இல் முழுத் தரவையும் கேட்டபோதெல்லாம் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இடம்பெறட்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் குழப்பம் நிறைய. 1972-இல் தொடங்கப்பட்டு, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் திட்டங்களில் இரு வகை உண்டு: மாநில அரசும் தன் பங்கைச் செலுத்தும் இணைமானியத் திட்டங்கள், அத்தகைய பங்கு தேவைப்படாத திட்டங்கள். அரசுக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் நேரே கொல்கத்தாவுக்கு எழுதினால் பயனில்லை. மாவட்ட நூலக அலுவலர், மாவட்ட நூலக ஆணைக்குழு, பொது நூலக இயக்ககம் என்று படியேறித்தான் போக வேண்டும். தனியார் அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் பொது நூலகத்தின் பாதை வேறு. பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்குகள், தொண்டு நிறுவனங்களுக்கான 'தர்ப்பண்' தளத்தின் அடையாள எண் போன்றவை கைவசம் இல்லாமல் கடைசி வாரத்தில் ஓடுபவர்கள் வழக்கமாகத் தோற்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் கேட்பதில் இன்னொரு கண்ணி ஒளிந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டால், அதே தொகை 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்கே முதலில் வர வேண்டும். கொடுப்பவர் தாய்மாமனே ஆனாலும் இதில் விலக்கில்லை.

பழைய நூல்களை மின்னாக்கம் செய்வோம் என்று எழுதுவது விண்ணப்பத்துக்கு அழகு சேர்க்கும், ஆனால் எதை, எந்த உரிமையில் என்பதைச் சொல்லாமல் எழுதக் கூடாது. இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1970-இல் மறைந்தவரின் நூல் 2030 முடிவு வரை பதிப்புரிமைக்கு உட்பட்டதே. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்கு விலக்கு. தன்னிடம் அச்சு வடிவில் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துவைக்க, வணிக நோக்கமற்ற பொது நூலகத்துக்கு 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. சேமிப்பதற்குத் தந்த அனுமதியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவதற்குத் தந்ததாக நினைத்துக்கொள்வது பிழை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்கெனவே கிடைக்கும் நூலை மறுபடியும் ஸ்கேன் செய்வதும் வீண். உங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலர், பள்ளியின் வெள்ளிவிழா மலர், நின்றுபோன உள்ளூர்ச் சிற்றிதழ் போன்றவை வேறெங்கும் இல்லாமல் உங்களிடம் மட்டும் இருக்கக்கூடும். அவற்றை, உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, முதலில் எடுங்கள். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படமாக நின்றுவிட்டால், பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியின் (ஓ.சி.ஆர்.) செலவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மானியம் பெரும்பாலும் ஒருமுறைதான் வரும். இணையதளத்தின் செலவோ ஆண்டுதோறும் வரும். வழங்கி (சர்வர்) வாடகை, இணைய முகவரியான களப்பெயரின் புதுப்பிப்பு, இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று எழுதிப் பார்த்தால் தொகை பெரிதல்ல, ஆனால் அதற்கென்று தலைப்பு இல்லாததால் அது கட்டப்படாமலே போகும். காலாவதியான களப்பெயரை வேறு யாரோ வாங்கி, நூலகத்தின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதும் நடக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரியின் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக வசூலாகிறது. அரசுக் கிளை நூலகமானால், அந்த நிதியிலிருந்து இந்தச் செலவை ஏற்பதாக ஆணைக்குழுவின் கடிதத்தை விண்ணப்பத்தின்போதே வாங்குங்கள். பணம் வந்த பிறகு அக்கடிதம் கிடைப்பது கடினம். களப்பெயர் நூலகத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். இணையதளம் அமைத்துத் தரும் இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் அது இருந்தால், அவர் வேலை கிடைத்து வெளியூர் போனதும் கடவுச்சொல்லும் போய்விடும்.

செலவு முடிந்ததும் எல்லோரும் மறப்பது, மானியம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் அதைத் தர வேண்டும். மானியத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும். அதில் கூடுதலாக ஒரு நாற்காலி வாங்கிவிட்டோம் என்று விளக்கம் சொன்னால் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் இருப்புப் பதிவேட்டில் பக்க எண் எழுதி, அதே எண்ணைப் பொருளின் மேலும் ஒட்டிவையுங்கள். பழுதான கணினியைக்கூட, வழங்கிய அமைப்பின் அனுமதி இல்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது.