எஃப்என்பி படிக்கப் போகும் நம்ம ஊர் நர்ஸுகளுக்கு: முதலில் பணக் கணக்கு

ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) எழுதி, கிரீன் கார்டோடு அமெரிக்கா வந்து, சில வருடம் வார்டில் ஓடியாடிவிட்டு, இனி நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி; நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ்) ஆகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு மார்த்தாண்டம் பக்கம். ஹூஸ்டனில் டெலிமெட்ரி வார்டில் (இதயத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்கும் வார்டு) நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டேதான் எஃப்என்பி, அதாவது ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை, முடித்தேன். தங்கச்சிமார் வாட்ஸ்அப்பில் எடுத்த எடுப்பில் கேட்பது, "அக்கா, எந்த காலேஜ் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உன் ஆஸ்பத்திரி படிப்புக்கு வருடத்துக்கு எவ்வளவு தருது?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஊழியரின் படிப்புக்காக ஒரு நிறுவனம் தரும் பணத்தில் ஒரு காலண்டர் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. அதனால்தான் பல ஆஸ்பத்திரிகள் சரியாக அந்தத் தொகையையே உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, கணக்கு கல்வியாண்டுக்கு அல்ல, காலண்டர் வருடத்துக்கு. 2026 ஆகஸ்டில் சேர்ந்து 2028 டிசம்பரில் முடித்தால் மூன்று காலண்டர் வருடம், ஆக இப்போதைய வரம்புப்படி 15,750 டாலர். அதே படிப்பை ஜனவரியில் தொடங்கி அடுத்த வருடம் டிசம்பருக்குள் அவசரமாக முடித்தால் 10,500தான். பகுதிநேரமாகக் கொஞ்சம் நீட்டிப் படிப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டு.

எச்ஆரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள். சேர்ந்து எத்தனை மாதம் ஆனால் இந்தப் பணத்துக்குத் தகுதி வரும்? முன்பணமாகத் தருவார்களா, மார்க் வந்த பிறகா? பெரும்பாலும் பிறகுதான், அதுவும் 'பி' கிரேடுக்குக் குறையக் கூடாது என்பார்கள். அப்படியானால் முதல் செமஸ்டர் ஃபீஸ் உங்கள் கையிலிருந்து போகும். காலேஜின் தவணைத் திட்டத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். படித்து முடித்தபின் எவ்வளவு காலம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: படிப்புக்கு நேரம் வேண்டும் என்று பிஆர்என்-க்கு (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் வேலை) மாறினால் பல இடங்களில் இந்தப் பணமும் போய்விடும், மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போய்விடும். வார இறுதி மட்டும் வேலை செய்யும் ஷிஃப்ட் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃபாஃப்சா, மத்திய அரசின் படிப்புக் கடனுக்கான விண்ணப்பம். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். கிரீன் கார்டு இருந்தால் போடலாம். எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசுக் கடன் கிடையாது. மேற்படிப்பு என்பதால் அப்பா அம்மா வருமானம் கேட்க மாட்டார்கள்; கல்யாணம் ஆகியிருந்தால் கணவர் வருமானம் சேரும். கிடைக்கிற கடனின் பெயர் அன்சப்சிடைஸ்டு லோன், வருடத்துக்கு அதிகபட்சம் 20,500 டாலர். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 2025-26 கல்வியாண்டுக்கு 7.94 சதவீதம். முழுசாக வாங்கினால் ஒரு வருடத்து வட்டி மட்டும் 1,600 டாலரைத் தாண்டும்.

2025 ஜூலையில் வந்த சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மீதி ஃபீஸுக்கு எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு இல்லை. மேற்படிப்புக்கு மொத்த வரம்பு ஒரு லட்சம் டாலர். டாக்டர், வக்கீல் போன்ற 'புரொஃபஷனல்' படிப்புகளுக்கு மட்டும் வருடத்துக்கு 50,000 வரை கிடைக்கும். ஆனால் கல்வித் துறை முன்வைத்த பட்டியலில் நர்சிங்கைச் சேர்க்கவில்லை. ராத்திரி முழுக்க நோயாளியின் உயிரைக் காவல் காக்கும் வேலை புரொஃபஷனல் இல்லையாம், சரி. போதாததற்கு, பகுதிநேரமாகப் படித்தால் ஆண்டு வரம்பும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே வருடத்துக்கு 20,500-க்குள் அடங்காத காலேஜ் என்றால் மிச்சத்துக்குத் தனியார் கடன்தான். அதற்கு வட்டி உங்கள் கிரெடிட் ஸ்கோரைப் பொறுத்தது, அரசுக் கடனுக்கு மட்டுமே உள்ள தள்ளுபடித் திட்டங்கள் அதற்குக் கிடையாது. ஊரில் நகையை அடகு வைத்து அனுப்பச் சொல்லலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள். வேண்டாம். அதற்குப் பதில் மலிவான காலேஜைத் தேடுங்கள்.

தள்ளுபடி என்றேன். ஹெர்சா என்ற மத்திய அமைப்பின் நர்ஸ் கோர் திட்டம், ஆள் பற்றாக்குறை உள்ள இடம் என்று அவர்கள் குறித்திருக்கும் ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ இரண்டு வருடம் வேலை செய்தால் நர்சிங் படிப்புக் கடனில் 60 சதவீதத்தைக் கட்டும். மூன்றாவது வருடமும் ஒப்புக்கொண்டால் இன்னொரு 25. கிரீன் கார்டுக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். அதே ஹெர்சாவின் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டம் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே, குழப்பிக்கொள்ள வேண்டாம். லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியில் இருந்தால் பிஎஸ்எல்எஃப் (பொதுச் சேவை செய்பவர்களுக்கான அரசுக் கடன் தள்ளுபடி) உண்டு: 120 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டியபின் மிச்சம் தள்ளுபடி. வரியில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற படிப்புச் சலுகை அதிகபட்சம் 2,000 டாலர். கணவன் மனைவி சேர்ந்த வருமானம் 1,80,000-ஐத் தொட்டால் அது கிடையாது; இருவரும் ஓவர்டைம் பார்க்கும் நர்ஸ் வீட்டுக்கு அது எட்டாது.

ஃபீஸ் பட்டியலில் இல்லாத பெரிய செலவு ஒன்று இருக்கிறது. 2022-இல் வந்த தேசியத் தரவிதிப்படி நோயாளிகளோடு குறைந்தது 750 மணி நேரம் கிளினிக்கல் செய்ய வேண்டும். நம் 12 மணி நேர ஷிஃப்ட் கணக்கில் 62-க்கு மேல், சம்பளம் இல்லாமல். அந்த மாதங்களில் எத்தனை ஷிஃப்ட் குறையும், வீட்டு வாடகை போக ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தம்பி வீடு கட்டுகிறான் என்றால் அதையும் எழுதுங்கள்.

இப்போது காலேஜ். நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிசிஎன்இ, ஏசென், என்எல்என் சிஎன்இஏ அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரமாவது இல்லாத இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது. ஆன்லைன் என்றால் உங்கள் மாநிலத்தில் நடத்த அவர்களுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். டெக்சஸில் 12 மாதம் நிலையாகக் குடியிருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம். ஹூஸ்டனிலேயே யூடி ஹெல்த்தின் சிசிக் நர்சிங் பள்ளியும் டெக்சஸ் விமன்ஸ் யுனிவர்சிட்டியும் இருக்கின்றன. எஃப்என்பிக்கு இன்றும் மாஸ்டர்ஸ் போதும். மயக்க மருந்துப் பக்கம் போக ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் டாக்டரேட் கட்டாயம்.

விளம்பரத்தில் வராத விஷயம் பிரிசெப்டர். கிளினிக்கலுக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டரையோ என்பியையோ சில காலேஜ்கள் தேடித் தரும், சில "நீயே தேடிக்கொள்" என்று விட்டுவிடும். என்னோடு நைட் பார்த்த ஒரு பிலிப்பினோ தோழி அப்படியொரு ஆன்லைன் காலேஜில் சேர்ந்து, பிரேக் ரூமில் உட்கார்ந்து கிளினிக் கிளினிக்காக ஃபோன் போட்டுக்கொண்டிருப்பாள். ஆள் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது, கடைசியில் குழந்தைகள் கிளினிக் ஒன்றுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்தாள். அட்மிஷன் ஆளிடம், "பிரிசெப்டர் கிடைக்காவிட்டால் என் செமஸ்டருக்கு என்ன ஆகும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் கேட்டால் தேன் ஒழுகப் பேசுவார்கள்.

விண்ணப்பத்தில் நமக்குச் சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பதிவு. என்கிளெக்ஸுக்காகச் செய்த மதிப்பீடு பல காலேஜ்களுக்குப் போதாது. ஜிபிஏவோடு கோர்ஸ்-பை-கோர்ஸ் அறிக்கை கேட்பார்கள், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் வெஸ் அல்லது சிஜிஎஃப்என்எஸ் (இப்போது பெயர் ட்ரூமெரிட்) வழியாக. கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் அவர்களுக்கு நேரடியாகப் போக வேண்டும், நம் கையில் இருக்கும் நகல் செல்லாது. ஊரில் தம்பியோ சித்தப்பாவோ நேரில் போய் விசாரிக்க ஆள் வைத்துக்கொண்டு, கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். 62 சதவீதம்தானே என்று கூச வேண்டாம். நம் முதல் வகுப்பு பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட நல்ல ஜிபிஏவாகத்தான் வரும்.

இரண்டாவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நம் பாடத்திட்டத்தில் அது நர்சிங் ரிசர்ச்சோடு ஒட்டிக்கொண்டு வருவதால் தனிப் பாடமாக ஏற்க மாட்டேன் என்று சில காலேஜ்கள் சொல்லும். கம்யூனிட்டி காலேஜில் எடுத்துவிடலாம். டெக்சஸில் 'மேத் 1342' என்று தேடுங்கள்.

மூன்றாவது கட்டுரை. "சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நான் எழுதியது இதய பலவீனத்தால் திரும்பத் திரும்ப அட்மிட் ஆன ஒரு முதியவரைப் பற்றி. கால் தொட்டால் குழி விழும் அளவுக்கு வீங்கி வருவார், நீர் இறக்கி அனுப்புவோம், மறுபடி வருவார். ஒரு ராத்திரி உட்கார்ந்து விசாரித்தால், பஸ்ஸில் போகும் நாளில் பாத்ரூம் கிடைக்காது என்று நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார். மாத்திரை நேரத்தை மதியத்துக்கு மாற்றினால் போதும். அதை நான் டாக்டரிடம் கேட்கத்தான் முடியும், நானே மருந்து எழுத முடியாது. இவ்வளவுதான் கட்டுரை. உங்கள் வார்டில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்.

பரிந்துரைக் கடிதம் ஒன்று உங்கள் மேனேஜரிடம் வாங்க வேண்டியிருக்கும். ஆளை இழக்கப் போகிறோம் என்று அவர் இழுத்தடிக்கலாம். பகுதிநேரமாகத்தான் படிப்பேன், ஷிஃப்டை விடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே உங்களோடு வேலை செய்த ஒரு என்பியிடமும் கேட்டு வையுங்கள்.

சேர்க்கை கிடைத்ததும் டெபாசிட் கட்டும் அதே வாரத்தில் எச்ஆரின் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். வகுப்பு தொடங்கிய பிறகு வந்த படிவத்தை அந்தச் செமஸ்டருக்கு ஏற்க மாட்டோம் என்று சில இடங்களில் கையை விரித்துவிடுகிறார்கள்.