முதல் நாளே ஆறுதல் கிடைக்கும் என்று போனேன்

அம்மா போய் ஆறு மாதம், தூக்கமே இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், சொன்னபடி நூல் கட்டினேன். அது பாட்டுக்குக் கையில் கிடந்தது. அப்புறம் 1926 என்ற இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்குப் பேசி, ஹட்டனில் ஓர் உளவளத்துணையாளரிடம் போனேன்.

முதல் நாள் முழுக்கக் கேள்விகள். தூக்கம், சாப்பாடு, குடும்பம். சாகத் தோன்றுகிறதா என்றுகூட நேராகவே கேட்டார். திடுக்கிட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதானாம். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர எதுவும் வெளியே போகாது என்றார். பக்கத்துக் காம்பரா இருமலே காதில் விழும் லயத்து ஆளுக்கு அது பெரிய விஷயம்.

திரும்பும்போது பஸ்ஸில் கொட்டகலை வரைக்கும் அழுகை. பாரம் கூடியதுபோல இருந்தது. மறுவாரம் போக மனமில்லை. அக்காதான் "போயிட்டு வா புள்ள" என்று பஸ் காசைத் திணித்தாள். இரவில் எத்தனை மணிக்கு விழிக்கிறேன், அப்போது என்ன நினைக்கிறேன் என்று கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுதினேன். ஐந்தாறு வாரத்தில் இரண்டு மணி விழிப்பு நாலரைக்குத் தள்ளிப்போனது.

பிறகு குழுவாக உட்கார்ந்து பேசும் அமர்வு. எட்டுப் பேர், வட்டமாக நாற்காலி. பேசியே ஆகவேண்டும் என்றில்லை. முதல் நாள் பிளேன்டீயைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எதிரே ஒரு பெரியவர் தன் கதையைச் சொல்ல, என் வீட்டுக் கதை மாதிரியே இருந்தது. என்னவென்று இங்கே எழுத மாட்டேன், அது அங்கே போட்ட ஒப்பந்தம்.

எனக்கு வசதியான நேரத்தைக் கேட்கத்தான் கூச்சப்பட்டேன். கொழுந்து பறிக்கும் வேலையில் இரண்டு நாள் சம்பளம் போன பிறகுதான் கேட்டேன். உடனே சனிக்கிழமைக்கு மாற்றித் தந்தார்.