மூன்று தேடல்களுக்கும் ஒரே குறிப்பேடு: பிழை நாணயம், உலோகம் கண்டறிதல், புதைபடிவச் சேகரிப்பு

பிழையுள்ள நாணயங்களைத் தேடுபவரும், மெட்டல் டிடெக்டருடன் நிலத்தில் நடப்பவரும், பாறைகளில் புதைபடிவம் தேடுபவரும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கையில் கிடைத்த பொருள் இந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதை அதன் தடயங்களிலிருந்து படிப்பதே அந்த வேலை. நாணயத்தில் தெரியும் குறை நாணயச்சாலையில் உண்டானதா, பின்னால் யாரோ செய்ததா? மண்ணில் கிடைத்த பொத்தான் அங்கேயே விழுந்ததா, வேறிடத்திலிருந்து கொட்டப்பட்ட மண்ணோடு வந்ததா? கல்லில் தெரிவது இலையா, வெறும் தாதுக் கறையா? இப்படிக் கேட்கப் பழகியவருக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கடினமில்லை. ஆகவே குடும்பமாகவோ நண்பர்களாகவோ தொடங்குவோர் மூன்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நாணயத்தில் தொடங்குவது நல்லது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாய்வாக ஒளி விழும்படி வைத்த ஒரு விளக்கு, கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம் ஆகியவை போதும். நாணயம் மூன்று கட்டங்களில் உருவாகிறது: உலோகத் தகட்டிலிருந்து வெற்று வில்லை வெட்டப்படுகிறது, எஃகில் அச்சு செதுக்கப்படுகிறது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வில்லை வைத்து அடிக்கப்படுகிறது. எந்தப் பிழையும் இந்த மூன்றில் ஒன்றில் நேர்ந்ததாகவே இருக்க வேண்டும். ஒரு குறையைக் கண்டதும் அது எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும் என்று கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை என்றால் அது நாணயச்சாலையை விட்டு வந்த பிறகு நேர்ந்த சேதம்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். விளிம்பில் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லாத நாணயம் கிடைக்கிறது. தகட்டில் முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுங்கருவி மறுபடி இறங்கினால் வில்லை இப்படிக் குறைபட்டு வரும். அரத்தால் ராவினாலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும். இரண்டையும் பிரித்தறிய, குறைபட்ட இடத்தை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பை லென்ஸில் பாருங்கள். அடிப்பதற்கு முன்பு வில்லையை அழுத்தி உருட்டி அதன் விளிம்பை உயர்த்துவார்கள். உருளும்போது ஒரு பக்கம் உலோகமே இல்லையென்றால், அந்தக் கணத்தில் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அதனால் அங்கே விளிம்பு மங்கி, தாழ்ந்து, சில நேரம் முற்றிலும் இல்லாமல் போகும். ராவியவரால் இந்த எதிர்ப்பக்க மங்கலை உண்டாக்க முடியாது. எல்லா உண்மையான வெட்டுப் பிழையிலும் இது தெரியும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் தெரிந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது. வெட்டின் அருகே உள்ள எழுத்துகள் அதை நோக்கி இழுபட்டு மெலிந்திருந்தால் அதுவும் உண்மைக்கே சாட்சி. எழுத்து கத்தியால் அறுத்ததுபோல் சட்டென்று முடிந்தால் பின்னால் செய்த வேலை.

அச்சுப் பிழைகளுக்கு ஒரே விதியை மனத்தில் வைத்தால் போதும்: அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும். அச்சு விரிசல் விட்டால் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடு தோன்றும். நாணயத்தில் பள்ளமாக இருக்கும் கோடு பெரும்பாலும் வெறும் கீறல்தான். எழுத்துகள் இரட்டையாகத் தெரிவதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தைப்போல் அச்சே இரட்டையாகப் பதிந்திருந்தால் இரண்டு உருவங்களும் உருண்டு முழுமையாக இருக்கும், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். அடிக்கும்போது அச்சு சற்று நழுவியதால் வந்த இரட்டிப்பு, எழுத்தின் ஓரத்தில் தட்டையான படிக்கட்டுப்போல் இருக்கும், எழுத்தையும் மெலிவிக்கும். அதற்குச் சேகரிப்போரிடையே மதிப்பில்லை.

தராசும் காந்தமும் எதற்கு என்பதற்கு 1943ஆம் ஆண்டின் அமெரிக்க சென்ட் நல்ல பாடம். போரின் காரணமாகச் செம்பை மிச்சப்படுத்த அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். தவறுதலாகச் சில மட்டும் வெண்கல வில்லையில் அடிபட்டன. எஃகு நாணயம் சுமார் 2.7 கிராம், காந்தத்தில் ஒட்டும். வெண்கலம் சுமார் 3.11 கிராம், ஒட்டாது. செம்பு முலாம் பூசிய போலிகளை ஒரு காந்தமே காட்டிக்கொடுத்துவிடும். 1948இன் கடைசி எண்ணைச் செதுக்கி 3 ஆக்கியவற்றைப் பிடிக்கத்தான் லென்ஸ் வேண்டும். பொருந்தாத அச்சுகளை இணைத்து அடிப்பதும் உண்டு. 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயத்தில் ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றியபோது, பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் சேர்ந்து, ஆண்டே இல்லாத நாணயங்கள் வெளிவந்தன.

இனி நிலத்துக்கு வருவோம். முதலில் நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கிடைப்பதை யார் வைத்துக்கொள்வது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சில நாடுகளில் கருவியுடன் தேடுவதற்கே உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தேடுவது குற்றம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்க பொருளைப் பற்றி 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கருவி வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

கருவியின் அடிமுனையில் உள்ள கம்பிச் சுருள், மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் திருப்பித் தரும் காந்தப்புலத்தைச் சுருள் மீண்டும் உணர்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்துகிறது என்பதிலிருந்து உலோகத்தின் வகையைக் கருவி ஊகித்து ஓர் எண்ணாகக் காட்டுகிறது. அது ஊகம் மட்டுமே. அலுமினியத் தாளும், குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையமும், மெல்லிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை ஒதுக்கிவிட்டால் மோதிரத்தையும் ஒதுக்கிவிடுகிறீர்கள். ஆகவே தொடக்கத்தில் சில மாதங்களுக்கு எதையும் ஒதுக்காமல், வரும் எல்லா ஒலிக்கும் தோண்டிப் பாருங்கள். காது பழகுவதற்கு வேறு வழி இல்லை. அதற்கு முன்பு, தெரிந்த நாணயங்களையும் ஆணிகளையும் தெரிந்த ஆழங்களில் சொந்த மண்ணில் புதைத்து அவற்றின் ஒலியைக் கேட்டுப் பழகலாம்.

சுருளைத் தரைக்கு இணையாக, தரையை ஒட்டியபடி, ஒரு வீச்சு முந்தைய வீச்சின் மேல் பாதியளவு படியுமாறு மெதுவாக வீசுங்கள். வீச்சின் முனைகளில் கை தானாக மேலே எழும், அதைத் தடுக்க வேண்டும். ஒலி வந்தால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். காது பழகிய பிறகு, இரண்டு திசையிலும் ஒரே சீரான ஒலி கேட்டால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் கேட்டு மறு திசையில் உடைந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த இரும்புதான். புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல் விட்டுப் புரட்டுங்கள். மண்ணைத் துணியில் போட்டு, முடிந்ததும் அதே குழியில் திருப்பிப் போட்டு மிதித்து மூடுங்கள். மண்வெட்டியை ஒலி வந்த புள்ளியிலிருந்து தள்ளியே இறக்குங்கள். பலருடைய நல்ல நாணயங்களில் தெரியும் ஆழமான கீறல் அவர்களே போட்டது. குண்டு, எறிகணை போன்ற எதையாவது கண்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட பழம்பொருள்கள் ஒரே குழியில் வந்தால் தோண்டுவதை நிறுத்த வேண்டும். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போய் ரோமானியப் பொன், வெள்ளி நாணயங்களைக் கண்டார். முழுவதையும் தோண்டாமல் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்ததால், ஏறக்குறைய 15,000 நாணயங்களும் பிற பொருள்களும், மட்கிப்போன மரப்பெட்டிக்குள் அடுக்கியிருந்த நிலையிலேயே பதிவாயின. அவர் ஆசைப்பட்டு வாரி எடுத்திருந்தால் அந்தப் பெட்டி இருந்ததுகூட நமக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது. அது இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புதைபடிவத்துக்கும் இடமே முதன்மை. படிவுப் பாறைகளில்தான் தேட வேண்டும்: களிப்பாறை, சுண்ணாம்புக்கல், மணற்கல். பாறைச் சுவரை உடைக்காமல், மழைக்கோ புயலுக்கோ பிறகு தானாக விழுந்த கற்களைப் பாருங்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில், புதைபடிவச் சேகரிப்பில் புகழ்பெற்ற மேரி ஆனிங் (1799–1847) இப்படித்தான் தேடினார். 1833இல் ஒரு பாறைச் சரிவு அவர் கண்ணெதிரே அவருடைய நாயைக் கொன்றது. குன்றின் அடியில் நிற்காதீர்கள், தலைக்கவசம் அணியுங்கள், கடல் ஏறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சுற்றியுள்ள பாறையைவிடக் கடினமான, வழவழப்பான உருண்டைக் கல்லுக்குள் அம்மோனைட் (சுருண்ட ஓடுடைய, அழிந்துபோன கடல் உயிரி) இருக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கல்லை உறுதியான பரப்பில் வைத்து, அதன் நீண்ட ஓரத்தில் புவியியல் சுத்தியலால் ஒரே இடத்தில் அளவாகத் தட்டுங்கள். பிளந்ததும் ஒரு பாதியில் சுருளும் மறு பாதியில் அதன் பதிவும் இருக்கும். பதிவு இருக்கும் பாதியை எறிந்துவிடாதீர்கள், மென்மையான நுணுக்கங்கள் சில நேரம் அதில்தான் தங்கியிருக்கும். பெரணி இலைபோல் கறுத்துக் கிளைவிடும் கோலத்தைக் கண்டால் அவசரப்பட வேண்டாம்: மாங்கனீசு ஆக்சைடு விரிசல்களில் ஊறிப் பரவி இதே உருவத்தைத் தரும். உண்மை இலையில் நடுநரம்பும், ஒரே ஒழுங்கில் கிளைக்கும் நரம்புகளும் இருக்கும். தாதுக் கறை விரிசலின் ஓரத்திலிருந்து மனம்போல் கிளைக்கும். முதுகெலும்புள்ள உயிரின் எலும்பைக் கண்டால் படமெடுத்து, விட்டுவிட்டு, அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் அதை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

மூன்றிலும் கழுவித் துடைப்பதுதான் அதிகச் சேதம் செய்கிறது. நான் தொடங்கிய நாட்களில் மண்ணிலிருந்து வந்த ஒரு செப்பு நாணயத்தைப் பச்சை போகும்வரை பல்துலக்கியால் தேய்த்தேன். எழுத்துகள் அந்தப் பச்சைப் படலத்தில்தான் தங்கியிருந்தன என்பது அவை போன பிறகுதான் புரிந்தது. இன்றுவரை அந்த நாணயம் எந்த அரசருடையது என்று எனக்குத் தெரியாது. செப்பில் ஒட்டிய மண்ணை உலரவிட்டு மர ஊசியால் நீக்குங்கள். பிழை நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், பிவிசி உறையில் வைக்காதீர்கள், அது பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். நொறுங்கும் புதைபடிவத்தை ஒட்ட வேண்டுமென்றால், அசிட்டோனில் கரைத்துப் பிற்பாடு நீக்கக்கூடிய பாராலாய்டு பி-72 போன்ற பசையைப் பயன்படுத்துங்கள்.

குறிப்பேடு ஒன்றே போதும், மூன்றுக்கும் ஒரே வரிசை எண். ஒவ்வொரு பொருளையும் அசைப்பதற்கு முன்பு அளவுகோலுடன் ஒரு படம். பிறகு எண், நாள், கைப்பேசி காட்டும் புவியிடக் குறியீடு, ஆழம் அல்லது பாறை அடுக்கு, கண்டெடுத்தவர் பெயர், நில உரிமையாளர் பெயர். சில்லறையில் கிடைத்த பிழை நாணயத்துக்கு எடையையும் விட்டத்தையும் எழுதுங்கள். இரண்டு பேரோ அதற்கு மேலோ போனால் ஒருவர் தோண்டும்போது மற்றவர் எழுதட்டும், அடுத்த பொருளில் இடம் மாறிக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதிய சிறு சீட்டு ஒன்று பொருளோடு அதே பைக்குள் போகட்டும். மை ஈரத்தில் கலைந்துவிடும். இரவு வீடு திரும்பியதும் சீட்டுகளையும் குறிப்பேட்டையும் ஒருவர் வாசிக்க மற்றவர் பைகளைச் சரிபார்த்துவிட்டால், எந்தப் பாதி எந்தக் கல்லுடையது என்ற ஐயம் மறுநாள் வராது.