பாட்டி வீட்டு டிவியில் வசந்தம் தெரிய வைப்பது எப்படி

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு டிவி சரிசெய்து கொடுப்பவன் நான். உங்கள் பக்கத்து வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், தமிழ் ஒளிவழியான வசந்தத்தை அவர் டிவியில் வரவைக்க, இது உங்களுக்காக.

மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பு இங்கே 2013 டிசம்பரில் தொடங்கியது. பழைய ஒளிபரப்பை 2017 இறுதியில் நிறுத்துவதாக இருந்து, ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, புதிய ஒளிபரப்பைப் பழைய டிவியில் காட்டும் பெட்டியும் (செட்-டாப் பாக்ஸ்) அண்டெனாவும் இலவசமாகக் கொடுத்து, ஆள் அனுப்பிப் பொருத்தியும் தந்தார்கள். 2018ல் கட்டண டிவி இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 100 வெள்ளி உதவியும் வந்தது. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் ஒருமுறை பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. சாமானை இடம் மாற்றுவார்கள், வயர் கழன்றுவிடும். அப்போது உதவ அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும்.

முதலில் டிவியின் பின்பக்கம் பாருங்கள். டிவிபி-டி2 (DVB-T2) என்று இருந்தால், அது மின்னிலக்க ஒளிபரப்பைத் தானே வாங்கும் டிவி; அண்டெனாவை நேராக டிவியிலேயே செருகலாம். இல்லாவிட்டால் செட்-டாப் பாக்ஸ் பெட்டி வேண்டும். பழைய குண்டு டிவியோடு பெட்டியை இணைக்க மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போதும்.

அண்டெனாதான் பெரிய விஷயம். "தம்பி, படம் ஓடுது, அப்புறம் கட்டம் கட்டமா உடையுது" என்று ஒரு பாட்டி சொன்னார். பழைய ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். இதில் அப்படி இல்லை, உடைந்து உடைந்து நின்றே போய்விடும். அந்த வீட்டில் அண்டெனா டிவிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்து சன்னலோரம், இரும்புக் கம்பியைத் தொடாமல் வைத்தேன். நிறுத்திப் பார்த்து, படுக்கவைத்தும் பார்த்தேன். பெட்டியின் மெனுவில் சிக்னலின் வலிமை, தரம் என்று இரண்டு அளவு தெரியும். தரம் எங்கே ஏறி அசையாமல் நிற்கிறதோ அங்கேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

எங்கே வைத்தாலும் சிக்னலே வரவில்லையா? சில அண்டெனாவுக்குப் பெட்டியிலிருந்தே 5 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். மெனுவில் 'அண்டெனா பவர்' அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை.

பிறகு நாடு சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்து, தானாகத் தேடவிடுங்கள். வசந்தம், சுரியா, சேனல் 5, 8, யு, சிஎன்ஏ எல்லாம் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பெட்டி வைத்த வீட்டில் ரிமோட் இரண்டு. முதியவர்களைத் தடுமாற வைப்பது இதுதான். டிவி ரிமோட்டில் தவறிப்போய் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தினால் திரை கறுத்துவிடும். டிவியே கெட்டுப்போனதாக நினைத்து நாள் கணக்கில் சும்மா இருப்பார்கள். அந்த ரிமோட்டில் பவர், சத்தம் தவிர மற்றதை டேப்பால் மூடுங்கள். பெட்டி ரிமோட்டில் வசந்தத்துக்கான எண்ணில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள்.

கடைசியாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ரிமோட்டைப் பாட்டி கையில் கொடுங்கள். நீங்கள் தொடாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவரே வசந்தத்தைக் கொண்டுவரும் வரை கிளம்ப வேண்டாம். உங்கள் கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.