குழந்தையைத் தூது அனுப்பாதீர்கள்: பிரிந்த பெற்றோர் எழுத வேண்டிய தாள்

நாங்கள் பிரிந்து வாழத் தொடங்கிய மூன்றாவது மாதம். அப்பா வீட்டிலிருந்து திரும்பிய என் மகள் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஏதோ பாடுகிறாள் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், "வியாழன் கிடையாது, வெள்ளி ஐந்தரை, பல் டாக்டர் ரசீது பையில்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னிடம் சொல்லச் சொன்ன மூன்று செய்திகள் அவை. ஒன்று மறந்தாலும் சண்டை வரும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்திருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

இனி நமக்குள் எது போனாலும் எழுத்தில் போகட்டும், அவள் வாய்வழியே போக வேண்டாம் என்று அன்றிரவே அவள் அப்பாவுக்கு எழுதினேன். குழந்தை எப்போது யாரிடம் இருக்கும் என்பதை எழுதி நாங்கள் உருவாக்கிய தாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே இதை எழுதத் தொடங்கலாம். கையில் ஒரு வரைவு இருந்தால் அங்கே பேச்சு சுருங்கும்.

அதற்கு முன் ஒன்று. அடி, மிரட்டல், பின்தொடர்தல், குழந்தைக்குத் தீங்கு என்று எதுவும் நடந்திருந்தால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து பேச முயலாதீர்கள். காவல்துறை, வக்கீல், நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு என்று போங்கள்.

மற்றவர்கள் முதலில் இரவுகளை எண்ணுங்கள். ஒரு தாளில் 14 கட்டங்கள் வரைந்து, குழந்தை எந்த இரவு யார் வீட்டில் தூங்கும் என்று இரண்டு நிறங்களில் நிரப்புங்கள். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்றால் 14 நாளில் இரண்டே கைமாற்றம். ஆனால் ஒருவரைப் பார்க்காமல் ஏழு நாள் இருக்க வேண்டும். இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே, அடுத்த வாரம் அதைத் திருப்பிப் போடுவது என்றால் ஆளுக்கு ஏழு இரவு கிடைக்கும், பிரிவும் மூன்று நாளைத் தாண்டாது. ஆனால் கைமாற்றம் ஆறு. குழந்தை ஒருவரிடமே பெரும்பாலும் இருந்து, மற்றவரிடம் ஒன்றுவிட்ட வாரக் கடைசியில் இரண்டு இரவும் புதன்தோறும் ஓர் இரவும் தங்கினால் 14 இரவில் நான்கு அவரிடம். 'சரிபாதி வேண்டும்', 'கொஞ்சமாவது விடு' என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்த நாங்கள், கட்டங்களை நிரப்பிய அரை மணி நேரத்தில் அடங்கினோம். அவள் வயதுக்கு ஏழு நாள் நீளம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. இரண்டு-இரண்டு-மூன்றை எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது நேரம். 'மாலையில்' என்று எழுதாதீர்கள், '6 மணி' என்று எழுதுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் செய்தி அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் அழைத்துப் போவது என்பதில் எங்களுக்கு உதவிய விதி ஒன்று உண்டு: குழந்தை யாரிடம் இருக்கிறதோ அவரே கொண்டுபோய் விட வேண்டும். வந்து கூட்டிப்போனால் விளையாட்டின் நடுவே யாரோ பறித்துச் செல்வது போல அவளுக்கு இருந்தது. கொண்டுபோய் விட்டபோது அம்மாவே அப்பாவிடம் அனுப்புகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. இதைவிடவும் நல்லது பள்ளி வழியான கைமாற்றம். காலையில் ஒருவர் விட, மாலையில் மற்றவர் அழைத்துக்கொள்ளலாம். வாசலில் இருவரும் முகம் பார்க்கவே வேண்டியதில்லை.

பையோடு ஒரு நோட்டும் போகட்டும். அதில் புகார் எழுதக் கூடாது. உடம்பு, மருந்து, வீட்டுப்பாடம், தூக்கம் மட்டும்தான். இதன் அருமை எனக்கு ஒரு காய்ச்சல் நாளில் தெரிந்தது. கொதிக்கும் நெற்றியோடு வந்தவளுக்குப் பாராசிட்டமால் சிரப்பை அளந்துவிட்டேன். கரண்டி அவள் வாயருகே போனபோதுதான் நோட்டு நினைவுக்கு வந்தது. '5.10-க்கு மருந்து கொடுத்தேன்' என்று இருந்தது. மணி அப்போது 6.15. அந்த மருந்தின் இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆகவே மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

பள்ளி விடுமுறை, பண்டிகை, பிறந்தநாள் ஆகியவற்றைத் தனியாக எழுதி, 'இவை வார அட்டவணையை மீறும்' என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த வரி இல்லாததால் வரும் சண்டைகளுக்கு அளவில்லை.

பணத்தை இந்தத் தாளில் கலக்காதீர்கள். ஜீவனாம்சமும் பராமரிப்புத் தொகையும் வேறு தாள். பெரும்பாலான நாடுகளில், பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுப்பதையோ, குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதையோ நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. 'பார்க்கும் உரிமை' என்ற சொல்லே தாய் தகப்பனின் சொத்தைப் போல ஒலிக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு இதைக் குழந்தையின் உரிமையாகத்தான் சொல்கிறது: பிரிந்திருக்கும் பெற்றோர் இருவரோடும் தவறாமல் தொடர்பில் இருப்பது, அது குழந்தையின் நலனுக்குக் கேடாக இருந்தாலொழிய, குழந்தைக்கு உரியது.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பதையும் விடாதீர்கள். ஒருவர் சம்மதமின்றிக் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பக் கோருவதற்கு 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. அது 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கானது. கொண்டுபோய் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் கோரிக்கை வலுவாக நிற்கும். தாமதித்தால், குழந்தை அங்கே வேரூன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. எல்லா நாடுகளும் இதில் சேரவில்லை. இலங்கை சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. உறவினர்கள் பல நாடுகளில் இருக்கும் குடும்பங்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்ததும் இருவரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். இருவரும் கையெழுத்திட்ட தாளைப் பல நாடுகளில் வெறும் ஒப்புதலாகத்தான் பார்க்கிறார்கள். நீதிமன்றம் அதைச் சம்மத உத்தரவாகப் பதிவு செய்த பிறகே, மீறினால் கேட்க வழி பிறக்கிறது. வக்கீலிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

குழந்தையிடமும் கேளுங்கள். ஆனால் 'யாரிடம் இருக்க விரும்புகிறாய்' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். 'இந்த ஏற்பாட்டில் உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது' என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் தாளை எடுத்துப் பார்ப்போம். அவளுக்குப் பத்து வயதானபோது இப்படிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கைமாற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். மத்தியானமே பை கட்டத் தொடங்குவதால் அன்று முழுவதும் கிளம்பிக்கொண்டே இருப்பது போல இருக்கிறது என்றாள். எங்கள் இருவருக்கும் அது தோன்றியதே இல்லை. கைமாற்றத்தைத் திங்கள் காலைப் பள்ளிக்கு மாற்றி, இருவரும் கையெழுத்திட்டு, திருத்திய பக்கத்தை வக்கீலுக்கு அனுப்பிவைத்தோம்.