கடல் காற்றாலை வேலை: மதுரைப் பட்டறைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020-இல் இந்தியா டென்மார்க்கோடு செய்துகொண்ட பசுமைக் கூட்டாண்மை, 2024 ஜூனில் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காக மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 7,453 கோடி ரூபாய். இதையெல்லாம் பார்த்துவிட்டு, வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து என்ன செய்து கொடுக்கலாம் என்று மதுரையை ஒட்டிய கப்பலூர்ப் பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள்.

முதலில், காற்றாலையைத் தாங்கக் கடலடியில் இறக்கும் அஸ்திவாரக் குழாய்க்கு ஆசைப்படாதீர்கள். ஏழெட்டு மீட்டர் விட்டம், எடை ஆயிரம் டன்னைத் தொடும். நாற்கரச் சாலையில் ஒரு பாலத்துக்கடியிலும் நுழையாது. அது துறைமுகத்திலேயே உருட்டி வெல்ட் செய்யும் சாமான். ஏணி, கைப்பிடி, கிரேட்டிங் (நடைமேடைக் கம்பித்தளம்), கேபிள் தாங்கிகள்தான் நமக்கானவை.

அதிகம் அடிபடுவது ஹீட் நம்பரில், அதாவது இரும்பு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்ணில். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒவ்வொரு பிளேட்டுக்கும் இ.என். 10204 வகை 3.1 சர்டிபிகேட் (இரும்பாலை தரும் சோதனைச் சான்று) கேட்பார். அதிலுள்ள ஹீட் நம்பர் பிளேட்டின் ஒரு மூலையில் இருக்கும். கேஸ் கட்டிங் போட்டதும் நம்பர் மிச்சத் துண்டோடு போய்விடும். வெட்டியெடுத்த பத்துத் துண்டும் ஊர்பேர் இல்லாத இரும்பாகிவிடும். இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது பில்லைக் காட்டிப் பயனில்லை. வெட்டும் முன்பே எல்லாத் துண்டிலும் நம்பரைப் பஞ்ச் அடித்துவிடுங்கள். வெல்டருக்கான ஐ.எஸ்.ஓ. 9606 தகுதிச் சான்றும் அப்படித்தான்: ஆறு மாதத்துக்கொருமுறை முதலாளி கையெழுத்திட்டு உறுதி செய்யாவிட்டால் செல்லாது.

பெயிண்டில் நடக்கும் தவறு, கிரில் கேட் வேலைப் பழக்கத்தில் வருவது. கூரான விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் மெலிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, ஸா 2½ அளவுக்கு, அதாவது துரு ஏறக்குறைய முழுதும் போகும்வரை, துகள் பீய்ச்சி பிளாஸ்டிங் செய்யுங்கள். இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கலாம். மழைக்கால விடிகாலையில் இது பெரும்பாலும் இருக்காது. பிரைமரை மதுரையிலும் டாப் கோட்டைத் தூத்துக்குடியிலும் அடித்தால் வண்டி வாடகையில் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். தூத்துக்குடி யார்டில் கிடக்கும்போது பிரைமர்மேல் உப்பு படியும். உப்புச் சோதனை செய்து கழுவாமல் மேல்பூச்சு போனால் அடியில் கொப்புளம் கிளம்பும். அடுக்குகளை இங்கேயே முடித்து, சுற்றிக் கட்டி அனுப்புவதே நல்லது.

வெளிநாட்டு டிராயிங்கை அப்படியே வெட்டுவதும் ஆபத்து. ஐரோப்பாவின் வடகடலில் பல இடங்களில் ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) பல மீட்டர் ஏறி இறங்கும். மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூட இல்லை. படகிலிருந்து ஏறும் ஏணியின் நீளமே இதனால் மாறும். டிராயிங்கில் உள்ள உயரங்கள் சராசரிக் கடல்மட்டத்திலிருந்தா, மிகத் தாழ்ந்த ஓதத்திலிருந்தா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொட்டேஷனைக் கிலோ கணக்கில் போடாதீர்கள். ஏணியில் இரும்பு கொஞ்சம். வெல்டிங், கிரைண்டிங், சோதனை, காகிதம்தான் ஏராளம். இன்ஸ்பெக்டருக்காக வேலையை நிறுத்திவைக்கும் நாட்களையும் சேர்த்து, ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள்.