அமெரிக்காவில் பல் கூச்சத்துக்கு வைத்தியம்: பில் வரும் முன்பே சேலத்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்களுக்கு பில்லிங் பார்ப்பது என் வேலை. இங்கே ஐந்து ரோட்டில் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும். வைத்தியச் செலவைக் கேட்டு கிளினிக்குகள் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் கிளைம்களில் நம்ம பெயர்கள் அடிக்கடி வரும். வேலைக்கோ படிப்புக்கோ புதிதாகப் போனவர்கள். வைத்தியம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கும். கிளைமில் எழுதியது சரியில்லை என்று இன்சூரன்ஸ் மறுத்திருக்கும். கையைவிட்டுப் பணம் கட்டுவது அந்தப் பிள்ளைகள்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பல் கூச்சம் என்பது ஒரு அறிகுறி. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவதாலும் வரும், முரட்டுத்தனமாகப் பல் தேய்ப்பதாலும் வரும். சொத்தை, விரிசல், பழைய ஃபில்லிங் ஓரத்தில் கசிவு, தூக்கத்தில் பல் கடிப்பது என்று காரணங்கள் நிறைய. பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்கில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அவை திறந்திருந்தால், குளிர்ந்ததோ இனிப்போ பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சீண்டும். ஏற்காட்டில் மார்கழிக் காலையில் வாய் கொப்பளித்தால் சுள்ளென்று இழுக்குமே, அதேதான். அமெரிக்காவில் ஹோட்டலில் உட்கார்ந்ததும் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கே பொறுத்துக்கொண்ட கூச்சம் அங்கே போனதும் தாங்காது.

மருத்துவரிடம் "பல்லு கூசுது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தப் பல், எது பட்டால், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். குளிர் விலகியதும் சில நொடிகளில் அடங்கினால் ஒரு விஷயம். அதன் பிறகும் வலி விடாமல் நீடித்தாலோ, ராத்திரி தானாக வலித்து எழுப்பினாலோ, அது பல்லின் உள் நரம்புவரை போன விஷயமாக இருக்கலாம். அதற்கு வைத்தியமும் வேறு, பில்லும் வேறு.

அமெரிக்காவில் ஒவ்வொரு பல் வைத்தியத்துக்கும் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வைத்திருக்கும் சிடிடி குறியீடு ஒன்று உண்டு. கூச்சத்துக்கு முக்கியமானவை இரண்டு. டி9910 என்பது கூச்சம் குறைக்கும் மருந்தைப் பூசுவது. எத்தனை பல்லில் பூசினாலும் ஒரு வருகைக்கு ஒரு கட்டணம். டி9911 என்பது ஈறோரத்திலோ வேர்ப்பரப்பிலோ ரெசின் என்ற பிளாஸ்டிக் மாதிரியான பொருளை வைத்து மூடுவது. இதற்குப் பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. நாலு பல்லில் வைத்தால் நாலு மடங்கு. நாற்காலியில் சாய்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபில்லிங்குக்கு அடியில் பூசும் மருந்துக்கு இந்த இரண்டு குறியீடுகளையும் போடக் கூடாது. ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினால் அது டி1206. பெரியவர்களுக்கு ஃப்ளூரைடு தராத திட்டங்கள் ஏராளம். டி9910, டி9911 இரண்டையும் ஒரேயடியாக ஒதுக்கிவைத்த திட்டங்களும் நிறைய. இன்சூரன்ஸ் தருவது சுத்தம் செய்வதற்கு 100 சதவீதம், ஃபில்லிங்குக்கு 80, கேப் போன்றவற்றுக்கு 50 என்று பிளான் தாளில் போட்டிருப்பதை நம்பி, கூச்சத்துக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறுக்கப்படும் கிளைம் எப்படி இருக்கும் தெரியுமா? டி9911 நாலு முறை போட்டிருக்கும். குறிப்பில் "நோயாளிக்குக் கூச்சம், மருந்து வைக்கப்பட்டது" என்று ஒற்றை வரி. பல் எண் கிடையாது, காரணம் கிடையாது. அதே வைத்தியத்தை, "எண் 19, குளிர் காற்று பட்டதும் சில நொடி கூச்சம், வெளிப்பக்கம் ஈறு 3 மில்லிமீட்டர் இறங்கியுள்ளது, எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை, வேர்ப்பரப்பில் ரெசின் வைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் பேசுவதற்கு இடம் இருக்கும். உங்கள் திட்டத்திலேயே அது இல்லை என்றால் இந்தக் குறிப்பும் உதவாது. இருந்தால், பணத்தை வாங்கித் தருவது இதுதான்.

சிகிச்சை அவசரம் இல்லை என்றால் முன்கூட்டியே பிரீடிடர்மினேஷன், அதாவது இன்சூரன்ஸ் எவ்வளவு தரும் என்று கேட்கும் விண்ணப்பம், அனுப்பச் சொல்லுங்கள். குறியீடு, பல் எண், உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருப்பவர் "கவர் ஆகிடும்" என்று வாயால் சொல்வதை வைத்து எதையும் கேட்க முடியாது.

ஊரிலிருந்து கிளம்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரியானூர் விநாயகா மிஷன் பல் மருத்துவக் கல்லூரியோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரோ, எங்கேயாவது ஒருமுறை முழுதாகக் காட்டிவிட்டுப் போங்கள். எக்ஸ்ரே, செய்த வைத்தியத்தின் விவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பல்லின் எண்ணோடு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நம் டாக்டர் 24 என்று எழுதினால் மேல் இடது முதல் முன்கடைவாய்ப்பல். அமெரிக்காவில் 24 என்றால் கீழ் இடது நடு வெட்டுப்பல். அவர்கள் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்லுக்கு நம்முடைய எண் 36, அவர்களுடையது 19. இந்த ஒரு குழப்பத்தாலேயே பழைய ரிக்கார்டு பயன்படாமல் போகிறது. பல்லில் ஃப்ளூரைடு கறை இருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது சகஜம். அங்கே பார்க்கும் டாக்டருக்குப் புதிதாக இருக்கலாம்.

வைத்தியம் முடிந்ததும் இன்சூரன்ஸ் எவ்வளவு தந்தது, உங்கள் பங்கு எவ்வளவு என்று விளக்கும் இஓபி என்ற தாள் இன்சூரன்ஸிலிருந்து வரும். அது பில் இல்லை. கிளினிக் அனுப்பும் பில்லை அதோடு வைத்து, தேதி, குறியீடு, பல் எண் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மருத்துவச் செலவுக்கென்று வரிச் சலுகையோடு பணம் சேர்க்கும் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்கு இருந்தால் உங்கள் பங்கை அதிலிருந்து கட்டலாம். விவரமான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ரிக்கார்டின் நகலைக் கேட்கும் உரிமை நோயாளிகளின் மருத்துவத் தகவல்களுக்கான அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின்படி உங்களுக்கு உண்டு; பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும்.

"இன்சூரன்ஸ் தரலையே, ஃபில்லிங்னு மாத்திப் போட்டுடுங்களேன்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், யாராவது அப்படிச் செய்து தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்யாத வைத்தியத்துக்குக் கிளைம் போடுவது மோசடி. விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வில்லங்கமே வேண்டாம். மறுப்பு நியாயமில்லை என்று பட்டால் அப்பீல் செய்யுங்கள். வேலை பார்க்கும் கம்பெனி வழியாக வரும் திட்டங்களில் அதற்குப் பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு. மருத்துவரின் குறிப்பு, எக்ஸ்ரே, ஈறு அளவெடுத்த சார்ட் மூன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள்.